கடற்பஞ்சின் நஞ்சும் மனிதனின் மருந்தும்

பாற்கடலைக் கடைந்த கதையைக் கேளாதவர் நம்மில் இல்லை. அமுதத்தை நாடிக் கடைந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது ஆலகால நஞ்சு. அமுதம் பின்னரே வந்தது. புராணத்தில் நஞ்சு வேறு, அமுதம் வேறு. ஆனால் நம் காலத்து விஞ்ஞானிகள் உண்மையான கடலில் இறங்கித் தேடியபோது நிகழ்ந்தது அதனினும் வியப்புக்குரியது. அவர்கள் கையில் கிடைத்த நஞ்சே மருந்தாக மாறிற்று.

அந்த நஞ்சைத் தந்தது கடற்பாம்பா? கொடுக்குள்ள மீனா? இரண்டும் அல்ல. கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டு, அவ்விடத்தை விட்டு நகர மாட்டாமல் கிடக்கும் கடற்பஞ்சுதான் அதனைத் தந்தது. இன்று இரத்தப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் வழங்கப்படும் இரு மருந்துகளின் வரலாறு இந்த எளிய உயிரிடமிருந்து தொடங்குகிறது. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

செடியா, விலங்கா?

கடற்பஞ்சை மனிதன் அறிந்தது நேற்றல்ல, இன்றல்ல. கிரேக்க மகாகவி ஹோமரின் காவியத்திலேயே விருந்து மேசைகளைப் பணியாட்கள் கடற்பஞ்சினால் துடைக்கும் காட்சி வருகிறது. மத்தியதரைக் கடல் தீவுகளில் பஞ்சு குளிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட மக்கள் வாழ்ந்தனர். எனினும், அது செடியா விலங்கா என்னும் ஐயம் மட்டும் நெடுங்காலம் தீரவில்லை. பேரறிஞர் அரிஸ்டாட்டிலே இதைப்பற்றி ஆராய்ந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தன்மைகளை அதனிடம் கண்டார்.

ஐயத்தைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் வாழ்ந்த ராபர்ட் கிராண்ட் என்னும் அறிஞர். 1825ஆம் ஆண்டையொட்டி, உயிருள்ள கடற்பஞ்சொன்றை நீரில் இட்டுக் கண்ணாடியின்கீழ் வைத்து அவர் நோக்கினார். அதன் பெரிய துளையிலிருந்து நீர் ஓயாது பீறிட்டு வெளியேறியதைக் கண்டார். சிறு துளைகளின் வழியே உள்ளே சென்ற நீரே அவ்வாறு வெளிவந்தது. இளைஞரான சார்லஸ் டார்வின் அப்போது எடின்பரோவில் பயின்றுகொண்டு, கிராண்டுடன் கடற்கரைக்குச் சென்று கடலுயிர்களைச் சேகரித்தவர் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. துளைகளை உடையது என்னும் பொருளில் இக்குலத்துக்குக் கிராண்ட் பெயர் சூட்டினார். தமிழில் அதனைத் துளையுடலி என்கிறோம்.

இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடற்பஞ்சு வகைகள் அறியப்பட்டுள்ளன. உலகில் இவை தோன்றி ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இவற்றுக்குக் கண் இல்லை, காது இல்லை, நரம்பு இல்லை, இதயமும் இல்லை. நாள் முழுவதும் தம் உடலைப்போல் பல ஆயிரம் மடங்கு நீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பதே இவற்றின் வாழ்க்கை.

நகராதவனின் ஆயுதம்

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஓடவும் முடியாமல், ஒளியவும் முடியாமல், கடிக்கவும் முடியாமல் கிடக்கும் இந்த உயிர், மீனும் ஆமையும் நத்தையும் நிறைந்த கடலில் எவ்வாறு ஐம்பது கோடி ஆண்டுகள் பிழைத்திருந்தது? 

விடை அதன் உடலிலேயே இருக்கிறது. பல கடற்பஞ்சுகள் தம் சதைக்குள் நுண்ணிய முட்களைக் கொண்டுள்ளன. அதனினும் வலிய காவல் இரசாயனக் காவலாகும். தின்ன வருவதை விரட்டவும், தன்மேல் படர வரும் பிற உயிர்களைத் தடுக்கவும், நோய்க் கிருமிகளை அழிக்கவும் வல்ல நச்சுப் பொருள்கள் அதன் உடலில் சேர்ந்துள்ளன. கரீபியக் கடலில் தீப்பஞ்சு என்று அழைக்கப்படும் ஒரு வகை உண்டு. அதனைக் கையால் தொட்டவருக்குத் தோல் எரிந்து சிவந்து தடிக்கும்.

ஆயினும், நஞ்சு எங்கே காணப்படுகிறதோ அதுவே அதனைப் படைத்தது என்று முடிவு கட்டிவிடலாகாது. கிரேக்க நாட்டுப் பஞ்சு குளிப்போருக்கு உடலில் கொப்புளமும் காய்ச்சலும் கண்டு, அதற்குப் பஞ்சு குளிப்போர் நோய் என்றே பெயர் வழங்கிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, குற்றவாளி பஞ்சு அன்று, அதன்மேல் ஒட்டி வாழ்ந்த கடற்சாமந்தி என்னும் வேறோர் உயிர் என்று தெரிந்தது. இந்தப் பாடத்தை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். பின்னர் இது மீண்டும் பயன்படும்.

பெயரில்லாப் பஞ்சு

1945ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஏல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த இரசாயன அறிஞர் வெர்னர் பெர்க்மன், புளோரிடா மாநிலத்தின் எலியட் கீ என்னும் தீவை அடுத்த ஆழமற்ற கடலில் கடற்பஞ்சுகளைத் திரட்டினார். புற்றுநோய்க்கு மருந்து தேடி அவர் செல்லவில்லை. முதுகெலும்பில்லாக் கடலுயிர்களின் உடலிலுள்ள கொழுப்பினப் பொருள்களை ஆராய்வதே அவருடைய நோக்கம்.

அவர் திரட்டியவற்றுள் ஒரு பஞ்சுக்கு அப்போது பெயர்கூட இல்லை. 1949இல்தான் அது புதிய வகை என்று அறிவிக்கப்பட்டுப் பெயர் பெற்றது. மணலாலும் பாசியாலும் மூடப்பட்டு மறைந்து கிடப்பதால், மறைவானது என்னும் பொருள்பட அதற்குக் கிரிப்டா என்று பெயரிட்டனர். 

அப்பஞ்சை அசிட்டோன் என்னும் திரவத்தில் இட்டுக் காய்ச்சியபோது, எதிர்பாராத விதமாகப் படிகமான பொருளொன்று திரண்டு வந்தது. வேண்டாத பொருள் என்று அதனை ஒதுக்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திராது. பெர்க்மன் ஒதுக்கவில்லை. தம் மாணவர் ராபர்ட் பீனியுடன் சேர்ந்து அதனை ஆராய்ந்து, 1950, 1951ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? உயிரணு ஒவ்வொன்றிலும் பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் இழை உண்டென்பதை வாசகர்கள் அறிவார்கள். நான்கு வகை உறுப்புகள் மீண்டும் மீண்டும் கோக்கப்பட்டு அந்த இழை அமைகிறது. ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு சர்க்கரைப் பகுதி உண்டு. ரைபோசு, அல்லது அதில் ஓர் ஆக்சிஜன் குறைந்த வடிவம், இவ்விரண்டே உயிர்களின் இழைகளில் இருப்பவை. இவற்றைத் தவிர வேறு சர்க்கரை அவ்விடத்தில் இயற்கையில் அமையாது என்பதே அந்நாள் வரை நிலவிய எண்ணம். அந்தப் பஞ்சில் கிடைத்த பொருளிலோ அராபினோசு என்னும் வேறு சர்க்கரை இருந்தது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை மிகச் சிறிது. ஓரிடத்தில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கீழ்நோக்கி நிற்பதற்குப் பதிலாக மேல்நோக்கி நின்றன. அவ்வளவுதான்.

அந்தச் சிறு வேற்றுமையில்தான் சூட்சுமம் அடங்கியிருந்தது. கொத்தனார் ஒருவர் விரைவாகச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் மேற்புறம் சற்றே கோணலான செங்கல்லை யாரோ அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனை வைத்த பின் அடுத்த கல் சரியாக உட்காருவதில்லை, வேலை நின்றுபோகிறது. பெருகத் துடிக்கும் உயிரணுவுக்குள் இத்தகைய போலி உறுப்பு புகுமானால் டி.என்.ஏ. கட்டும் வேலை தடைப்படும். அந்த உயிரணு மடியும். கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய் அணுவின் குணமாதலால், இந்தப் பொறியில் அதுவே முதலில் விழும்.

பஞ்சு காட்டிய வழியைப் பின்பற்றி இரசாயன அறிஞர்கள் புதிய போலி உறுப்புகளைத் தம் சாலையிலேயே செய்யத் தொடங்கினர். 1959இல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் சைட்டராபின் செய்யப்பட்டது. இது பஞ்சிலிருந்து நேராக எடுத்ததன்று. பஞ்சின் பொருளை மாதிரியாகக் கொண்டு மனிதன் ஆக்கியது. 1969இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கிற்று. 1973இல், ஏழு நாள் சைட்டராபினும் அதனுடன் மூன்று நாள் மற்றொரு மருந்தும் கொடுக்கும் முறை வெளியாயிற்று. கடுமையான இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு அந்த முறையே இன்றளவும் அடிப்படையாக நின்று வருகிறது.

இதே குலத்தில் பிறந்த விடராபின் என்னும் மருந்து, 1970களில் ஹெர்பிஸ் வைரஸ் நோய்களுக்குப் பயன்பட்டது. சர்க்கரைப் பகுதியை மாற்றினால் வைரஸையும் ஏமாற்றலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. 1987இல் எய்ட்ஸ் நோய்க்கு முதல் மருந்தாக வந்த அசிடோதைமிடினும் அவ்விதம் சர்க்கரை மாற்றப்பட்ட பொருளே ஆகும்.

ஆனால் நஞ்சு நஞ்சுதான் என்பதை மறந்துவிடலாகாது. எலும்பு மச்சையிலும் குடலிலும் நல்ல உயிரணுக்களும் விரைந்து பெருகுகின்றன. சைட்டராபின் அவற்றையும் தாக்கும். அளவும் காலமும் அறிந்து மருத்துவர் கையாளும்போது மட்டுமே அது மருந்து.

ஜப்பானியக் கரையின் கரும்பஞ்சு

இரண்டாம் வரலாறு ஜப்பானில் நிகழ்ந்தது. அந்நாட்டின் பசிபிக் கடற்கரைப் பாறைகளில், கருநிறமுடைய ஒரு பஞ்சு சாதாரணமாக வளர்கிறது. ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்பது அதன் பெயர். அதன் சாறு உயிரணுக்களைக் கொல்ல வல்லது என்று தெரியவந்ததும் ஆராய்ச்சிகள் தொடங்கின.

முதலில் பிடிபட்டது ஒகடாயிக் அமிலம். 1981இல் அதன் அமைப்பு வெளியிடப்பட்டது. பஞ்சின் பெயரையே அமிலத்துக்கும் சூட்டினர். ஆனால் அடுத்த ஆண்டே ஓர் உண்மை வெளிப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத ஒருவகை நுண்பாசியிலும் அதே அமிலம் இருந்தது. பாசி உண்டாக்கிய நஞ்சை, நீரை வடிகட்டி உண்ணும் பஞ்சு தன் உடலில் சேர்த்து வைத்திருந்தது. பஞ்சு குளிப்போர் நோயில் கண்ட பாடம் மீண்டும் மெய்யாயிற்று!

இந்த நஞ்சு பஞ்சோடு நிற்பதன்று. சிப்பிகளும் மட்டிகளும் நீரை வடிகட்டி உண்பவையே. நச்சுப்பாசி பெருகிய காலத்தில் அவற்றை உண்போருக்குக் கடும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் உண்டாகின்றன. சமைப்பதனால் இந்த நஞ்சு அழிவதில்லை. 1970களில் ஜப்பானில் இந்நோய் இனங்காணப்பட்டது. இக்காரணத்தாலேயே பல நாடுகளில் சிப்பிகளைச் சோதித்து விற்கும் ஏற்பாடு இருக்கிறது. மறுபுறம், உயிரணுவின் பல வேலைகளை முடுக்கியும் நிறுத்தியும் வைக்கும் நொதிகளுள் சிலவற்றை ஒகடாயிக் அமிலம் தடுக்கிறது என்று 1988இல் கண்டனர். அதன்பின் அந்த நஞ்சே ஆராய்ச்சிச் சாலைகளில் இன்றியமையாத கருவியாயிற்று.

எனினும், கரும்பஞ்சுச் சாற்றின் ஆற்றல் முழுவதையும் இந்த அமிலம் விளக்கவில்லை. அதற்குள் வேறெதோ ஒளிந்திருந்தது. பேராசிரியர் யோஷிமாசா ஹிராத்தாவும் அவர் மாணவர் டைசுகே உயமுராவும் விடாது தேடினர். அறுநூறு கிலோ பஞ்சைத் திரட்டிப் பிரித்து, மீண்டும் பிரித்து, இறுதியில் ஹாலிகாண்ட்ரின் பி என்னும் பொருளை 1986இல் உலகுக்கு அறிவித்தனர். கிடைத்த அளவு எவ்வளவு? 12.5 மில்லிகிராம்! ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை.

அந்த அணுவளவு பொருள் செய்த வேலையோ பெரிது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதற்குள் நுண்ணிய குழல்கள் கயிறுகள்போல் நீண்டு, பரம்பரைப் பொருளை இருபுறமும் இழுத்துப் பங்கிடுகின்றன. ஹாலிகாண்ட்ரின் அந்தக் குழல்களை வளரவிடாமல் தடுக்கிறது என்பதை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தார் 1991இல் தெளிவாக்கினர்.

கடல் போதுமா?

மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் நோயாளிகளுக்குக் கொடுக்க அளவு போதுமா? இதுவே அடுத்து எழுந்த பெரும் இடர்.

நியூசிலாந்தின் கைகூரா கடற்கரையை அடுத்த ஆழ்நீரில் வாழும் வேறொரு பஞ்சிலும் ஹாலிகாண்ட்ரின் இருப்பதாகக் கண்டனர். 1990களில் அங்கே ஒரு டன் பஞ்சு அள்ளப்பட்டது. அதிலிருந்து வந்தது சுமார் 300 மில்லிகிராம். அக்கடலில் அந்தப் பஞ்சின் மொத்த இருப்பு ஏறத்தாழ 300 டன் என்று மதிப்பிட்டனர். வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த இனத்தை ஒன்று விடாமல் அள்ளி எடுத்தாலும் கிடைப்பது நூறு கிராமுக்குள்தான்! சில காலத்து மருத்துவத்துக்காக ஓர் இனமே பூண்டற்றுப் போகும். அதன் பிறகு மருந்தும் இல்லை, பஞ்சும் இல்லை.

இந்த முட்டுக்கட்டையை நீக்கியவர் ஹார்வர்டு பல்கலைக் கழகப் பேராசிரியர் யோஷிடோ கிஷி. இவரும் முன்னாளில் நகோயா பல்கலைக் கழகத்தில் ஹிராத்தாவிடம் பயின்றவரே. ஆசிரியர் கடலில் கண்டெடுத்த பொருளை மாணவர் சாலையில் ஆக்க முனைந்தார். அது எளிய வேலையன்று. ஹாலிகாண்ட்ரினில் இடமும் வலமும் மாறி அமையக்கூடிய மையங்கள் முப்பத்திரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி என்று வைத்துக்கொண்டால், நானூறு கோடிக்கும் மேற்பட்ட அமைப்புகள் கணக்கில் வருகின்றன. அவற்றுள் சரியானது ஒன்றே. 1992இல் கிஷியும் அவர் குழுவினரும் அந்த ஒன்றைக் கட்டி முடித்தனர்.

அந்த வேலையின் நடுவே மற்றோர் உண்மை விளங்கிற்று. அத்தனை பெரிய பொருளில் ஏறக்குறைய ஒரு பாதியே நோயைத் தாக்கும் ஆற்றல் உடையது. ஆகவே, அந்தப் பாதியை ஆதாரமாகக் கொண்டு, ஐசாய் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் எரிபுலின் என்னும் மருந்தை ஆக்கினர். அறுபதுக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து அது செய்யப்படுகிறது. ஆனால் அதற்காக ஒரு பஞ்சையும் கடலிலிருந்து பறிக்க வேண்டியதில்லை.

முற்றிய மார்பகப் புற்றுநோயால் வருந்தி, வேறு பல மருந்துகளை முன்பே உட்கொண்டிருந்த 762 பெண்களிடம் அது சோதிக்கப்பட்டது. மற்ற சிகிச்சை பெற்றோரின் ஆயுள் நடுத்தரமாக 10.6 மாதம், எரிபுலின் பெற்றோருடையது 13.1 மாதம். இரண்டரை மாதம்தானே என்று நாம் எண்ணலாம். மகளின் திருமணத்தைக் கண்ணால் கண்டுவிட்டுப் போக வேண்டும் என்று காத்திருக்கும் ஒரு தாய்க்கு இரண்டரை மாதம் சிறிதாகுமா? 2010 நவம்பரில் அமெரிக்காவில் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது. கரும்பஞ்சின் பொருளை ஹிராத்தா அறிவித்து அப்போது இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் வாசலில் ஒரு பாடம்

இவ்விரு வரலாறுகளும் புகட்டும் உண்மை ஒன்றே. மனிதனுக்கு நன்மை விளைந்தது கடற்பஞ்சை அறுவடை செய்ததால் அன்று. அதனிடம் பாடம் கேட்டதால். பஞ்சு தந்தது சிறு மாதிரி. அந்த மாதிரியைப் படித்தறிந்து பெருக்கியது மனித உழைப்பு. ஆனால் மாதிரி என்ற ஒன்று இல்லாமல் எந்த அறிஞரும் அந்த அமைப்பைக் கனவிலும் கண்டிருக்க முடியாது. 

எனவே, படிப்பதற்கு முன்னரே அழிந்துபோகும் உயிர்களைப்பற்றி நாம் கவலைப்பட்டே ஆக வேண்டும். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி தாமஸ் ஹார்ட்விக், சிங்கப்பூர்க் கடலில் கண்ட மாபெரும் கிண்ண வடிவப் பஞ்சைப்பற்றி 1822இல் எழுதினார். நெப்டியூன் கிண்ணம் என்று அதற்குப் பெயர் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியாகப் பயன்படும் அளவுக்கு அது பெரிது. மேலைநாட்டுக் காட்சிச்சாலைகளும் சேகரிப்போரும் அதனை விரும்பி வாங்கினர். காலப்போக்கில் அது கண்ணில் படாமலே போயிற்று. நூறாண்டுக்கும் மேலாகச் சிங்கப்பூரில் அது அழிந்தொழிந்தது என்றே அறிஞர் நம்பினர். 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவின் அருகே கடலுக்குள் இறங்கிய உயிரியல் அறிஞர்கள், அது உயிரோடு நிற்பதைக் கண்டு வியந்தனர்.

அது பிழைத்தது நம் நற்பேறு. எல்லா உயிருக்கும் அத்தகைய பேறு வாய்க்கும் என்று சொல்ல முடியாது. செல்லரித்தும் தீப்பட்டும் ஆற்றுநீரில் விடப்பட்டும் அழிந்த ஏட்டுச் சுவடிகளில் என்ன எழுதியிருந்தது என்பதைத் தமிழர்களாகிய நாம் இன்று எவரிடம் கேட்பது? கடலடியில் கிடக்கும் ஒவ்வோர் உயிரும் அத்தகைய சுவடிதான். அதனுள் எழுதியிருப்பது நஞ்சாகவும் இருக்கலாம். ஒருவர் உயிரைக் காக்கும் மருந்தாகவும் இருக்கலாம். பிரித்துப் படிக்கும் வரை அது நமக்குத் தெரியப் போவதில்லை. ஆதலின், படிக்கும் நாள் வரும்வரையேனும் அதனை அழியாமல் காப்பது நம் கடமை.